ஓட்டத் தெரியாத சாரதி

கேகாலை
14.06.2023

பாஹிமாட வாப்பாவுக்கு,

ஸலாம் சொல்லாம கடிதம் தொடங்கக் கூடாது எண்டதால சொல்றேன், அஸ்ஸலாமு அலைக்கும். அதுக்கு மேல அன்பா எழுத இண்டைக்கு எனக்கு ஏலாது.

நான் போன் எடுக்கல்ல எண்டு தம்பி றிப்திக்கிட்ட முறைப்பட்டிருக்கீங்க. அங்க சிக்னல் இல்லாம தண்ணித் தாங்கியில ஏறி நிண்டுதான் கதைக்கிறீங்களாம். ஏற வேணாம், விழுந்திருவீங்க. போன்ல என்ன சொல்லுவீங்க எண்டு எனக்குத் தெரியும். ஒண்டுமில்ல, எல்லாம் சரியாகும் எண்டு சொல்லி வச்சிருவீங்க. கலியாணம் முடிச்ச நாள்ல இருந்து எனக்குக் கிடைச்சதெல்லாம் அந்த வசனம்தான். கடிதத்துல அப்படித் தப்ப ஏலாது. அதனால எழுதுங்க.

எனக்குத் தெரிஞ்சது முழுக்க ஊர் வாயால வந்தது. தோட்டத்து மனிசி ஒருத்தி வண்டி மோதி செத்தாளாம். மோதினவன் தானாகவே வந்து ஒப்புக்கொண்டானாம். அப்படி ஒப்புக்கொண்டவனை சார்ஜன்ட் சாலி அடிச்சாராம், வழக்குக்குப் பிடிச்சு வச்ச வண்டியை எடுத்து சுவத்துல மோதினாராம், அதுக்குத் தண்டனையா காட்டுக்கு மாத்திட்டாங்களாம். இதைப் பக்கத்து வீட்டு அபீபா ராத்தா என்னைப் பார்த்துக் கேக்கிறா. நானும் கேள்விப்பட்டேன் எண்டு சொன்னேன். ஒங்கட பொண்டாட்டி சொல்ற பதிலா இது?

காலையில பேக்கைத் தூக்கிக்கிட்டு, கொஞ்ச நாளைக்கு வேலை அங்கிட்டு எண்டு சொல்லிட்டுப் போனீங்க. மொனராகலைக்குப் போனதும் அப்படித்தான். அம்பாறைக்குப் போனதும் அப்படித்தான். ஒவ்வொரு தரமும் யாரோ ஒருத்தருக்காக யாரோ ஒரு பெரியவரைப் பகைச்சுக்கிட்டு. அப்ப வயசு இருந்திச்சு, நானும் சட்டி பானையைக் கட்டிக்கிட்டு பின்னால வந்தேன். இப்ப பென்ஷன் வாசல்ல வந்து நிக்கிற நேரம். இந்தக் கொஞ்ச காலத்துக்குக் கண்ணை மூடிக்கிட்டு இருக்க ஏலாமப் போச்சா?

ஊர்ல ஒங்களுக்குக் கருங்கல் எண்டு பேர். கல்லுக்கு வலிக்காது. எனக்கு வலிக்குது.

அந்த மனிசன அடிச்சீங்களா இல்லையா? அதுக்கு மட்டுமாவது பதில் எழுதுங்க.

சித்தி மரியம்


காவல் சாவடி, புத்தளம் வழி
23.06.2023

மரியம்,

வ அலைக்கும் ஸலாம். நான் எழுதிப் பழகினது பொலிஸ் முறைப்பாடு மட்டும்தான். கடிதமும் அதே மாதிரி வந்தா கோவிக்காதே.

அடிக்கல்ல. ஒரு விரல் படல்ல.

செத்த மனிசிட பேர் மூக்காயி. ரப்பர் பால் வெட்டுற வேலை. ருவான்வெல்லைக்கு உள்ளுக்குப் போற தோட்டம். பால் சேர்த்து, வாளியோட ஸ்டோருக்கு நடந்து வரக்குள்ள வளைவுல ஒரு டபுள் கெப் வண்டி அடிச்சுப் போட்டு நிக்காமப் போயிட்டுது. நான் போய்ச் சேரக்குள்ள உயிர் இல்ல. வாளி கவிழ்ந்து பால் ரோட்டுல ஓடி உறையத் தொடங்கியிருந்திச்சு. நான் நிறையப் பார்த்தவன். ஆனா அந்த வெள்ளையும் சிவப்பும் கலந்த இடம் இன்னும் கண்ணுல நிக்குது.

கெப்பைப் பார்த்தவங்க இருந்தாங்க. ஓட்டினவன்ட முகத்தைப் பார்த்தவங்க இல்ல. அந்த ரோட்டுல அப்படி வேகமாப் போற கெப் ஒண்டுதான், கல் குவாரி முதலாளிட மகன்ட. குவாரிக்குள்ள போக கோர்ட் அனுமதி வேணும். அனுமதி எடுத்துக்கிட்டு வாறதுக்குள்ள வண்டியைக் கழுவி, பெயின்ட் அடிச்சு முடிச்சிருப்பாங்க. அதனால கேக்காமப் போனேன். படங்கு போட்டு மூடி வச்சிருந்தாங்க. முன்பக்கம் நசுங்கிப் போய், அதுல பால் காய்ஞ்சு ஒட்டியிருந்திச்சு. நானே ஓட்டிக்கொண்டு வந்து ஸ்டேஷன்ல நிப்பாட்டினேன். இது முதல் பிழை.

பிறகு ஒரு லோயரோட ஐயாவு எண்டு ஒருத்தன் வந்தான். குவாரியில கல்லுடைக்கிறவன். அதே தோட்டத்துல, வரிசையாக் கட்டின லயத்து அறையிலதான் குடியிருக்கிறான். நான்தான் ஓட்டினேன், லைசன்ஸ் இல்ல, பயத்துல நிப்பாட்டல்ல எண்டு சொன்னான். மனப்பாடம் செஞ்ச பிள்ளை மாதிரிச் சொன்னான். ஸ்டேஷன் பொறுப்பான ஓஐசி சந்தோஷமா எழுதிக்கிட்டார். நாளைக்குக் கோர்ட்ல குடுங்க, விஷயம் முடிஞ்சிது எண்டார்.

அடுத்த நாள் காலையில ஐயாவுவை வெளிய கூட்டிக்கிட்டு வந்தேன். முற்றத்துல அந்தக் கெப் நிண்டிச்சு. சாவியை அவன்ட கையில குடுத்து, கோர்ட்டுக்குப் போவோம், நீயே ஓட்டு எண்டேன். வழக்கு வண்டியைத் தொடக் கூடாது எண்டு எனக்குத் தெரியாம இல்ல. நான் பக்கத்து சீட்ல ஏறினேன். அவன் ஒரு கையால ஸ்டேரிங்கைப் பிடிச்சான். எதையோ இழுத்தான், ஹேண்ட் பிரேக் விட்டிரிச்சு. நம்ம ஸ்டேஷன் முற்றம் சரிவு தெரியும்தானே. வண்டி பின்னால உருளத் தொடங்கினதும் அவன் கத்தினான்:

"ஐயா, எதை மிதிக்கணும்? எதைங்க ஐயா மிதிக்கணும்?"

நான் ஹேண்ட் பிரேக்கைப் பிடிக்கிறதுக்குள்ள பின்பக்கம் சமையலறைச் சுவத்துல மோதிட்டுது. அவன் கத்தினது ஸ்டேஷன் முழுக்கக் கேட்டிச்சு. ஆனா பிறகு விசாரிக்கக்குள்ள ஒருத்தருக்கும் கேட்டிருக்கல்ல.

ஓட்டத் தெரியாதவன் எப்படிடா கொன்னாய் எண்டு கேட்டேன். அவன் அழுதான். பிறகும் நான்தான் ஓட்டினேன் எண்டே சொன்னான். அப்படியே ரிமாண்டுக்குப் போனான். நான் இங்க வந்தேன்.

இங்க களவும் இல்ல, சண்டையும் இல்ல. யானை வேலிக்குப் பக்கத்துல ஒரு மேசை, ஒரு கதிரை. ஓய்வா இருக்கேன்.

தோட்டத்துப் பக்கம் நீ போகாதே.

சாலி


கேகாலை
09.07.2023

பாஹிமாட வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். போகாதே எண்டு எழுதினீங்க, போயிட்டு வந்துதான் எழுதுறேன். றிப்தி ஆட்டோவுல கூட்டிக்கிட்டுப் போனார். அவரை ஏச வேணாம்.

மூக்காயிட வீட்டுக்காரர் காத்தமுத்து, லயத்துக் கடைசிக் காம்பரா அறையில இருக்கிறார். வாசல்ல நிண்டு சார்ஜன்ட் சாலிட வீட்டு ஆள் எண்டு சொன்னேன். அந்த மனிசன் எழும்பி தோள்ல கிடந்த துண்டை எடுத்து கையில வச்சுக்கிட்டார். எனக்கு வெக்கமாப் போச்சு. ஒங்களோட கோவத்துல வந்தவ நான். எனக்கு ஏன் அந்த மரியாதை?

நீங்க எழுதாததை அவர் சொன்னார். முதலாளிட ஆக்கள் ஒரு வேனோட வந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறோம் எண்டு மூக்காயிட மையித்தைத் தூக்கப் பார்த்தாங்களாம். நீங்க ஜீப்பை ரோட்டுக்குக் குறுக்கால போட்டுட்டு, மரண விசாரணை ஐயா வரும் வரைக்கும் ஒருத்தரும் கிட்ட வரக் கூடாது எண்டு நிண்டீங்களாம். ஒங்கட மேலதிகாரி வயர்லெஸ் செட்ல திரும்பத் திரும்பக் கூப்பிட்டு, தூக்க விடுங்க, ரோட்டைத் திறங்க எண்டு சிங்களத்துல சொல்லியிருக்கார். நீங்க அந்த செட்டை அணைச்சு சட்டைப் பைக்குள்ள போட்டுக்கிட்டீங்களாம். பிறகு மழை பிடிச்சிரிச்சு. ஒங்கட மழைக் கோட்டைக் கழட்டி மூக்காயிக்கு மேல விரிச்சுட்டு, விசாரணை ஐயா வாற வரைக்கும் நனைஞ்சுக்கிட்டே நிண்டீங்களாம்.

காத்தமுத்து சொன்னதை அவர்ட வாயாலேயே எழுதுறேன். "உசிரோட இருந்த காலத்துல எம் பொஞ்சாதிக்கு யாருமே இப்புடி ஒரு மரியாத குடுத்ததில்லீங்கம்மா. செத்தப்பறம் பொலிஸ்காரர் குடுத்தாரு."

அண்டைக்கு நீங்க காய்ச்சலோட வந்து படுத்தீங்க. வயசான காலத்துல மழையில என்ன விளையாட்டு எண்டு நான் ஏசினேன். கொத்தமல்லி அவிச்சுத் தந்துக்கிட்டே ஏசினேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்த ஏச்சாவது மிச்சமாகியிருக்கும்.

இன்னொரு இடத்துக்கும் போனேன். கீழ் லயத்துல ஐயாவுட பொஞ்சாதி ஷாமிளா. சின்ன வயசு. ஏழு பேர் அந்த ஒரு காம்பராவுக்குள்ள இருக்கிறாங்க, மாமனார் மாமியாரோட. அவ என்னை உள்ளுக்குக் கூப்பிடல்ல. ரோட்டோரத்துல முதலாளிட சொந்தக் காணியில ஒரு துண்டு அவங்கட பேருக்குத் தாறதாச் சொல்லி, அத்திவாரமும் வெட்டிட்டாங்களாம். கல்லும் இறக்கியாச்சு. அதைக் காட்டிச் சொன்னா: "நாலு தலமுறையா லயத்துல கெடந்தோம். இப்பத்தான் சொந்த மண்ணு. ஒங்க வீட்டுக்காரர் அதப் புடுங்கப் பாக்குறாரு. அவருக்கு வீடு இருக்கு, எங்களுக்கு இருக்கா?"

அவளுக்கு நீங்க என்ன பதில் சொல்றீங்க?

சித்தி மரியம்


காவல் சாவடி
20.07.2023

மரியம்,

வ அலைக்கும் ஸலாம். ஷாமிளா கேட்டது நியாயம்தான். வண்டி மோதினதும் ஐயாவு முதல்ல சொன்னது, வீடு போயிருமே ஐயா எண்டுதான். அவனை அடிக்காம விட்டதுக்குக் காரணமும் அதுதான். கள்ளனுக்கு அடிக்கலாம். வீடில்லாதவனுக்கு எப்படி அடிக்கிற?

ஆனா ஒண்டு. கல்லுடைச்சவனை ஜெயிலுக்கு அனுப்பி, அவன்ட பொஞ்சாதிக்கு வீடு கட்டிக் குடுத்தா, மூக்காயிட உசிருக்கும் விலை முடிஞ்சிது, அவன்ட ஆயுசுக்கும் விலை முடிஞ்சிது. முதலாளிட மகன் அதே ரோட்டுல அதே வேகத்துல நாளைக்கும் போவான். நான் பார்த்தது அதைத்தான்.

இனி ஷாமிளாக்கிட்ட வழக்கைப் பத்திக் கதைக்காதே. ஐயாவு மனசை மாத்தினா, சார்ஜன்ட்ட பொண்டாட்டி வந்து மாத்தினா எண்டு சொல்லுவாங்க. சட்டத்தை நான் மீறலாம், எனக்கு அதுக்கு உத்தியோகம் போகும். நீ மீறக் கூடாது. சிரிக்காதே.

என்னட விசாரணைக்குத் திகதி போட்டிருக்கு. நம்ம பக்கத்து லோயர், வண்டியை இடம் மாத்தி வைக்கப் போகக்குள்ள பிரேக் வேலை செய்யல்ல எண்டு சொல்லச் சொல்றார். அப்படிச் சொன்னா தப்பலாமாம். சொல்ல மாட்டேன். சட்டத்தை வளைச்சவன் நான்தான், நேராச் சொல்லுவேன். வளைக்கிறது வேற, பொய் வேற. பொய்யைப் பிடிக்கத்தான் வளைச்சேன்.

கொத்தமல்லி இங்கயும் கிடைக்குது. நீ அவிச்சது மாதிரி இல்ல.

சாலி


கேகாலை
28.08.2023

பாஹிமாட வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கோவிக்க வேணாம், முழுசா வாசிங்க. வழக்கைப் பத்தி ஷாமிளாக்கிட்ட ஒரு சொல் நான் கதைக்கல்ல. ஆனா போறதை நிப்பாட்டல்ல. அவட மாமியாருக்கு சுகமில்ல, சூப் காய்ச்சிக் கொண்டு போனேன். மூணாவது தரம் போகக்குள்ள உள்ளுக்கு வாங்க எண்டா.

போன கிழமை காத்தமுத்து நம்ம வீட்டுக்கே வந்தார். கேகாலை ஜெயில்ல இருக்கிற ஐயாவுவைப் பார்க்கணும், எப்படிப் போற, யாருக்கிட்ட கேக்கிற எண்டு தெரியல்ல எண்டார். எனக்கு ஒங்கட கடிதம் ஞாபகம் வந்திச்சு. பொண்டாட்டியைப் பறிகுடுத்த மனிசன் வழி கேக்கிறார். வழி காட்டுறது குத்தம் எண்டா அந்தக் குத்தத்தை நான் செய்றேன் எண்டு நினைச்சுக்கிட்டேன். ஜெயில்ல ஆள் பார்க்க விடுற நாள் அவரைக் கூட்டிக்கிட்டுப் போனேன், ஷாமிளாவும் அதே பஸ்ல. ஒரே தோட்டம். ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கிட்டே வந்தாங்க. நான் நடுவுல.

உள்ளுக்குக் கம்பி வலைக்கு அங்கிட்டு ஐயாவு நிண்டார். ஷாமிளாவைப் பார்த்து வந்தவர், பின்னால காத்தமுத்து நிக்கிறதைக் கண்டதும் தலையைக் குனிஞ்சுக்கிட்டார். சத்தம் போடப் போறார், சாபம் போடப் போறார் எண்டு பயந்திருப்பார். நானும் பயந்தேன்.

காத்தமுத்து வலையைப் பிடிச்சுக்கிட்டு மெதுவாச் சொன்னார்: "தம்பி, நீ ஓட்டலேன்னு எனக்குத் தெரியும். ஒனக்கு வீடு வேணும், அதுவும் தெரியும். எம் பொஞ்சாதியும் அந்த ஏக்கத்தோடதான் செத்தா. ஒன்னயத் திட்டுறதுக்கு நான் வரல. நீ கொன்னேன்னு சொல்லிக்கிட்டே இருந்தா, ஒரே லயத்துல கெடந்து நான் ஒன்னய வெறுத்துக்கிட்டே சாகணும். அது மட்டும் என்னால முடியாதுப்பா. அதச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

அவ்வளவுதான். வேற ஒண்டும் கேக்கல்ல. காவலர் நேரம் முடிஞ்சிது எண்டார்.

வெளிய வந்ததும் ஷாமிளா ஒரு மரத்தடியில குந்திக்கிட்டா. கொஞ்ச நேரம் கழிச்சு எழும்பிப் போய் எதிர்க் கடையில ஒரு பிளேன்டீ வாங்கிக்கிட்டு வந்து காத்தமுத்துட கையில குடுத்தா. அவரும் வாங்கிக் குடிச்சார். நான் முந்தானையால முகத்தைத் துடைச்சுக்கிட்டேன், வெயிலுக்குத் துடைக்கிற மாதிரி.

சித்தி மரியம்


காவல் சாவடி
06.09.2023

மரியம்,

வ அலைக்கும் ஸலாம். கடிதத்தை வாசிச்சுட்டு ஏசத்தான் பேனையை எடுத்தேன். திருப்பி வாசிச்சேன். ஏச ஏலாமப் போச்சு.

இத்தனை வருஷ உத்தியோகத்துல எத்தனை பேரை விசாரிச்சிருப்பேன். சத்தம் போட்டு, மேசையில தட்டி, தூங்க விடாம. காத்தமுத்து கேட்ட மாதிரி ஒருத்தரையும் கேட்டதில்ல. வழி காட்டினது நீ.

இங்க நேத்து யானை வேலியை உடைச்சுட்டுது. மற்றபடி சுகம்.

சாலி


கேகாலை
19.10.2023

பாஹிமாட வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். றிப்தி போன்ல சொல்லியிருப்பார். நான் கண்ணால பார்த்ததை எழுதுறேன்.

நேத்து கோர்ட்ல ஐயாவுட பேரைக் கூப்பிட்டாங்க. முதலாளிட லோயர்தான் அவருக்காகவும் எழும்பினார். குத்தத்தை ஒப்புக்கொள்றார், தண்டனையைக் குறைச்சுத் தாங்க எண்டு கேக்கப் போனார். ஐயாவு கூண்டுல நிண்டு கையைத் தூக்கினார். ஒரு விஷயம் சொல்லணும் எண்டு சிங்களத்துலேயே சொன்னார். லோயர் திரும்பி முறைச்சார். நீதவான் சொல்லச் சொன்னார்.

எனக்கு வாகனம் ஓட்டத் தெரியாது, சின்ன முதலாளிதான் ஓட்டினார், எனக்கு வீடு தாறதாச் சொன்னாங்க, நான் சம்மதிச்சேன், அது என்னட பிழை எண்டார். பிறகு இன்னொண்டும் சொன்னார். ஓட்டத் தெரியாது எண்டதை சார்ஜன்ட் மாத்தயா அண்டைக்கே கண்டுபிடிச்சிட்டார், அவர் எனக்கு அடிக்கல்ல, அவருக்குத் தண்டனை குடுத்தது அநியாயம் எண்டார். அதை யாரும் அவருக்கிட்ட கேக்கல்ல.

ஸ்டேஷன்ல இருந்து வந்திருந்த கான்ஸ்டபிள் சுரேந்திரன் எழும்பி, ஐயாவு எதை மிதிக்கணும் எண்டு கத்தினதை நானும் கேட்டேன் எண்டார். இத்தனை மாசமா அடைச்சிருந்த காது அப்பத்தான் திறந்திச்சு. இருந்தாலும் திறந்ததே பெரிசு. மத்தியானத்துக்குள்ள முதலாளிட மகனைக் கைது செய்யக் கட்டளை போட்டாங்க. குவாரியில வேலை செய்ற ரெண்டு பேர் இப்ப சாட்சி சொல்லவும் வந்திருக்காங்க.

ஐயாவு பிணையில வந்துட்டார். பொய் சொன்னதுக்கு அவர் மேல ஒரு வழக்கு இருக்கு. குவாரி வேலை போச்சு. அத்திவாரத்துக்கு இறக்கின கல்லைத் திருப்பி லொறியில ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்க. கல்லை ஏத்தக்குள்ள ஷாமிளா வாசல்ல நிண்டு கடைசிக் கல் வரைக்கும் பார்த்தாளாம். அழல்லயாம். தோட்டத்துல அவளுக்குப் பால் வெட்டுற வேலைக்குப் பேர் போட்டுட்டாங்க. மூக்காயி வெட்டின மரங்களைத்தான் அவளுக்குக் குடுத்திருக்காங்க. அந்த மரங்கள்ட பட்டை எப்படி, எந்தப் பக்கம் வெட்டு எண்டு காத்தமுத்துதான் கூட நிண்டு காட்டிக் குடுக்கிறார்.

ஒங்களுக்குக் கல் மனசு எண்டு நானும்தான் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். கோர்ட் வாசல்ல அந்தத் தோட்டத்துப் பொம்பளைகள் என்னைச் சுத்தி நிண்டு, சார்ஜன்ட் ஐயா எப்ப வருவாரு எண்டு கேட்டாங்க. எனக்குச் சொல்ல ஏலாத ஒரு பெருமை. அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்.

விசாரணை முடிவு என்ன?

சித்தி மரியம்


காவல் சாவடி
02.12.2023

மரியம்,

வ அலைக்கும் ஸலாம். முடிவு வந்திட்டுது. ஐயாவு சொன்னதையும் பார்த்தாங்க, அதனால வேலையில இருந்து நீக்கல்ல. ஆனா வழக்கு வண்டியைத் தொட்டது, அனுமதி இல்லாமக் குவாரிக்குள்ள போனது, மேலதிகாரிட கட்டளையைக் கேக்காம செட்டை அணைச்சது, மூண்டும் நான் செஞ்சதுதானே. ஒப்புக்கொண்டேன். சார்ஜன்ட் பதவியை எடுத்துட்டாங்க. இனி கான்ஸ்டபிள். பென்ஷனும் அதுக்கேத்த மாதிரித்தான் வரும். ஒனக்கு நான் செஞ்ச அநியாயம் அது ஒண்டுதான். மன்னிச்சுக்கோ.

விசாரிச்ச அதிகாரிகள்ல ஒரு பெரியவர் கடைசியாக் கேட்டார். இதே மாதிரி இன்னொரு நாள் நடந்தா என்ன செய்வீங்க எண்டு. பிரேக் எங்க இருக்கு எண்டு அவனுக்கு முதல்ல காட்டிக் குடுப்பேன் சேர், சுவர் தப்பும் எண்டேன். அந்த மனிசன் சிரிப்பை அடக்க ஏலாம தலையைக் குனிஞ்சு எழுதினார்.

சட்டைக் கையில இருந்த சார்ஜன்ட் பட்டியை நானே பிரிச்சு எடுத்தேன். சட்டை முழுக்க வெயில்ல வெளுத்துப் போயிருக்கு. பட்டி இருந்த இடம் மட்டும் புதுத் துணி மாதிரி, அதே கோணத்துல அப்படியே தெரியுது. லீவு கிடைச்சிருக்கு, வீட்டுக்கு வாறேன். வேற சட்டை இங்க இல்ல. பார்க்கிறவங்களுக்கு விளங்கிரும். அந்த இடத்தை மறைக்க மேல ஏதாவது துணி வச்சுத் தைக்கலாமா எண்டு யோசிக்கிறேன். நீ தையல் தெரிஞ்சவ, சொல்லு.

சாலி


கேகாலை
08.12.2023

பாஹிமாட வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

ஒண்டும் தைக்க வேணாம். அந்தச் சட்டையையே போட்டுக்கிட்டு வாங்க.

றிப்திட ஆட்டோவையும் கூப்பிட வேணாம். பஸ் நிக்கிற இடத்துல நான் வந்து நிப்பேன். அங்க இருந்து வீட்டுக்குப் பின் ரோட்டாலயும் வரலாம். நாங்க பஸார் நடுவால நடந்து வருவோம். நான் ஒங்கட பட்டி இருந்த கைப் பக்கம் நடக்க மாட்டேன், மற்றப் பக்கம்தான் நடப்பேன். பார்க்கிறவங்க நல்லாப் பார்க்கட்டும்.

சித்தி மரியம்